மாத்திரையா, மாத ஊசியா, குளோசபினா? ஹோமில் இருப்பவருக்காக முடிவெடுக்கும்போது

சென்ற மாதம் அம்பிலோ கோயிலில் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் இருந்த அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உன் கொழுந்தனுக்கு ஹோம்ல ஊசியா போடறாங்க, மாத்திரையா?" அவருடைய மகன் இரண்டு வருடமாக ஒரு பராமரிப்பு ஹோமில் இருக்கிறான். மனச்சிதைவு நோய். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு துப்பிவிடுகிறானாம். மாத ஊசிக்கு மாற்றலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அடுத்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சோறு ஆறிப்போகும்வரை பேசினோம், போதவில்லை. இதே கேள்வியோடு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகள் இருக்கும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. என் கணவரின் தம்பி 16 வருடமாக டர்பனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோமில் இருக்கிறார். தினசரி மாத்திரை, மாத ஊசி, மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் குளோசபின் என்ற மாத்திரை, இந்த மூன்று வழிகளிலும் அவர் போய் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். எந்த மருந்து நல்லது என்று கேட்டால் டாக்டர் பதில் சொல்வார். அந்த மருந்தை ராத்திரி எட்டு மணிக்கும், சனி ஞாயிறிலும், பண்டிகை நாளிலும் கவனிக்க அந்த ஹோமில் ஆள் இருக்கிறாரா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டு பதிலும் சேர்ந்தால்தான் முடிவு.

மாத்திரை

தினசரி மாத்திரையின் பெரிய நன்மை, அதை நிறுத்த முடியும் என்பது. ரிஸ்பெரிடோனோ ஹாலோபெரிடாலோ சாப்பிட்டு உடம்பு விறைத்தால், டாக்டர் டோஸைக் குறைத்த சில நாளில் வித்தியாசம் தெரியும். கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம், கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். புதிதாக நோய் கண்டவருக்கு இதில்தான் தொடங்குவார்கள்.

ஆனால் ஒரு மாத்திரை வாய்க்குப் போவதற்குள் எத்தனை கை மாறுகிறது! மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரைக்கும், அதாவது ஒரு நாளில் பல தடவை கரண்ட் போகும் அளவுக்கு, போன வருடங்களில் ஒரு புதன்கிழமை இரவு நான் அங்கே இருந்தேன். ஒரு கேர்கிவர் பெண் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குவளைகளில் மாத்திரை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறக்குறைய முப்பது பேருக்கு அவர் ஒருவர். மேசைமேல் யாருக்கு எந்த மருந்து எப்போது என்று குறிக்கும் சார்ட்டுகள் விரித்துக் கிடந்தன. எட்டு மணிக் கட்டத்தில் எல்லோருக்கும் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. ஒருவருக்கும் இன்னும் மாத்திரை கொடுத்தபாடில்லை. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் இல்லாத நேரத்தில் வெள்ளை வட்ட மாத்திரை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவரிடம் அப்படி ஒரு வேலையை ஒப்படைத்ததுதான் தவறு.

ஆகவே மாத்திரையிலேயே இருப்பது என்று முடிவானால், பார்மசியிலேயே பெயரும் நாளும் வேளையும் போட்டு ஒட்டித் தரும் வாராந்தரப் பாக்கெட்டைக் கேளுங்கள். பெரிய டப்பாவிலிருந்து எண்ணிப் போடுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. பாக்கெட் பிரிந்திருக்கிறதா இல்லையா என்பது நமக்கும் கண்ணில் படும். டோஸ் நடு வாரத்தில் மாறினால் மட்டும் பாக்கெட் முழுவதையும் திருப்பி அனுப்பிப் புதிது வாங்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு மாத்திரையை அடையாளம் பார்த்து எடுத்துப் போடும் வேலை கூடாது.

துப்புகிறார் என்பதற்காக மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அதோடு, ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அவர் சாப்பாட்டையே தொட மாட்டார்.

இன்னொன்று, யாரும் கேட்காமல் தங்கிவிடும் மருந்து. ஹாலோபெரிடாலில் என் கொழுந்தனுக்குக் கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதித் தேநீர் சாசரில் கிடக்கும். நடுக்கத்துக்கு ஆர்ஃபெனட்ரின் எழுதினார்கள், நடுக்கம் குறைந்தது. பிறகு ஹாலோபெரிடாலே மாறிப்போனது, ஆர்ஃபெனட்ரின் மட்டும் வருடக்கணக்காகச் சார்ட்டில் அப்படியே இருந்தது. இதற்கிடையே மலச்சிக்கல், மறதி, சிறுநீர் சரியாகப் போகாதது எல்லாம் வந்தது. "வயசாகுதுல்ல" என்றார்கள். அப்போது அவருக்கு 49 வயது. புதிதாக வந்த ஒரு டாக்டர்தான், "இது எதற்கு?" என்று கேட்டு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். நடுக்கம் திரும்பவில்லை. நினைவு கொஞ்சம் தெளிந்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த மருந்துகள் ஐந்தாம் பட்டியலில் வருபவை, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஒரே சீட்டை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. சீட்டுப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் போய் நின்று, சார்ட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் விரல் வைத்து, "இது எதற்கு, எப்போதிலிருந்து, குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். நான் முதலில் கூச்சப்பட்டேன். இப்போது கூச்சப்படுவதில்லை.

மாத ஊசி

இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் அதிகம் போடுவது ஃப்ளூபென்திக்சால், சூக்ளோபென்திக்சால் என்ற இரண்டு ஊசிகள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இடுப்புத் தசையில் போடுவார்கள். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மெல்லிய எண்ணெயில் மருந்தைக் கலந்திருப்பார்கள், அது தசையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். மாதம் ஒரு முறை போடும் ஹாலோபெரிடால் ஊசி நல்லெண்ணெயில் வருவது. தேங்காயோ எள்ளோ ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசியில் எனக்குப் பிடித்த விஷயம், தவறினால் தெரிந்துவிடும். மாத்திரை நான்கு நாள் வயிற்றுக்குப் போகாமலே இருந்தாலும் சார்ட் சுத்தமாக இருக்கும். ஊசி போடவில்லை என்றால் தேதி காட்டிக்கொடுக்கும். நான் வீட்டுத் தினசரிக் காலண்டரில் இடது, வலது என்றுகூட எழுதி வைத்திருந்தேன், ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் குத்தினால் கட்டிவிடும் என்பதால். அப்புறம், "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று ஒரு வளர்ந்த மனிதரிடம் தினம் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தது நின்றது. அந்த அவமானம் போனதும் அவர் சிஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தார். இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள்.

ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. வந்த பக்கவிளைவு வாரக்கணக்கில் கூடவே இருக்கும். அதனால்தான் முதலில் சின்ன அளவில் போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை ஊசியைத் தவிர்த்து நேரே முழு டோஸுக்குப் போகிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் கொழுந்தன் உட்காரவே இல்லை. வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தாலும் கால் மாற்றி மாற்றி ஆடும். பதிவேட்டில் "அமைதியில்லை, கொந்தளிப்பு" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த டாக்டர் நோய் கூடுகிறது என்று டோஸை ஏற்றினார். நடை இன்னும் கூடியது. நான்கு மாதம் கழித்து ஒரு சிஸ்டர் அவரிடமே கேட்டார்: "நடக்கணும்னு தோணுதா, இல்ல நிக்க முடியலையா?" அவர் சொன்னார், "கால் என்னை விட மாட்டேங்குது, சிஸ்டர்." மருந்தே உண்டாக்கும் கால் பரபரப்பு அது, அக்கத்தீசியா என்பார்கள். டோஸைக் குறைத்தார்கள், இரண்டு மாதத்தில் அடங்கியது. அந்த ஆறு மாதமும் அவர் பட்ட பாடு என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. ஊசி போட்டபின் நடையோ விறைப்போ வாயசைவோ புதிதாகத் தெரிந்தால், நோய் என்று முடிவுகட்டும் முன் மருந்தைச் சந்தேகப்படச் சொல்லுங்கள். திடீர்க் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்து வியர்த்தால் அது உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பெயர்க் குழப்பமும் உண்டு. சூக்ளோபென்திக்சாலிலேயே இரண்டு ஊசி இருக்கிறது. க்ளோபிக்சால் அக்யூஃபேஸ் இரண்டு மூன்று நாள் ஆளை அடக்க. க்ளோபிக்சால் டெப்போ வாரக்கணக்கில் நிற்க. பெட்டியின் மேல் உள்ள இரண்டாவது சொல்லைப் படிக்காமல் யாரும் ஊசி போடக் கூடாது.

சம்மதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், நோயாளி தானாக வந்து சேர்ந்தவரா, முடிவெடுக்க முடியாத நிலையில் பிறர் விண்ணப்பித்துச் சேர்க்கப்பட்டவரா, மறுத்தும் சேர்க்கப்பட்டவரா என்று பிரித்துப் பார்க்கிறது. பிறர் விண்ணப்பித்துச் சேர்த்தவரின் நிலையை ஆறு மாதத்திலும், பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறையும் மறுபடி பார்த்து மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுத வேண்டும். தானாக வந்தவர், யோசித்து முடிவு சொல்லக்கூடியவர் என்றால், அவருக்குப் பதிலாக நாம் தலையாட்ட முடியாது. "உங்கள் மகன் என்ன சொல்கிறான்?" என்று அக்காவிடம் கேட்டேன். அவனிடம் யாருமே கேட்டிருக்கவில்லை.

குளோசபின்

இந்தப் பெயரைக் கேட்டாலே ஹோம்காரர்கள் பின்வாங்குவார்கள். காரணம் உண்டு. 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் 8 பேர், ரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போய்த் தொற்று வந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை ஒதுக்கிவைத்தார்கள். 1988இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. வேறு மருந்துகளுக்கு அசையாத நோயாளிகளில் குளோசபினில் 30 சதவீதம் பேர் தேறினார்கள், குளோர்புரோமசினில் 4 சதவீதம். அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை என்ற காவலோடு மருந்து திரும்பி வந்தது. இரண்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் இல்லாதவருக்கு இன்றும் இதற்கு ஈடு இல்லை.

இங்கே முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், அப்புறம் மாதம் ஒரு முறை. "ரத்தம் எடுக்கிறோம்" என்று எல்லா ஹோமும் சொல்லும். எடுத்த ரத்தத்தின் முடிவு யார் கைக்கு வருகிறது, அதைப் பார்க்காமல் அடுத்த வார மருந்து கொடுப்பார்களா என்று கேளுங்கள். முடிவை எழுதிவைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தொண்டை வலி, காய்ச்சல் என்று அவர் சொன்னால் பனடோ (பாராசிட்டமால்) கொடுத்துப் படுக்க வைக்காமல் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

ரத்தத்துக்குப் பயப்படும் அளவுக்கு மலச்சிக்கலுக்கு யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும். குளோசபின் குடலை மந்தமாக்கும், அடைத்துக்கொண்டு ஆள் இறந்துபோவதும் உண்டு. எங்கள் ஹோமில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்குகிறது. நாள், பெயர், போனாரா இல்லையா, அவ்வளவுதான். இரண்டு நாள் இல்லை என்றால் சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத அந்தத் தாள்தான் அந்த ஹோமின்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

இரண்டு நாளைக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய டோஸைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்து மாத்திரையை மறந்தால் அது நம் தவறு, திரும்ப விடும்போது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எடையும் சர்க்கரையும் ஏறும். நம் ஆட்களுக்குச் சர்க்கரை நோய் சாதாரணமாகவே அதிகம், இந்த மருந்து சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கும் முன்பே சுகர், இடுப்பளவு, எடை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புகையில் உள்ள ஒரு பொருள், ஈரல் குளோசபினைக் கழிக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். அது நிக்கோட்டின் இல்லை, எரிந்து வரும் புகை. புகைப்பவருக்கு அதற்கேற்ப டோஸ் கூட வைத்திருப்பார்கள். 2020 மார்ச் 27இல் ஊரடங்கு வந்தபோது இந்த நாட்டில் சிகரெட் விற்பனையையே தடை செய்தார்கள், ஆகஸ்ட் நடுவரை. கொழுந்தன் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர். ஒரே வாரத்தில் நின்றது. எங்களை உள்ளே விடவில்லை. போனில் கேட்டால், "நல்லாத் தூங்கறாரு, தொந்தரவே இல்லை" என்றார்கள். தலையணை எச்சிலில் நனைகிறது, கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்ட டோஸ் அதே டோஸ், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிட்டிருந்தது. டாக்டர் டோஸைக் குறைத்ததும் சரியானார். குளோசபின் சாப்பிடுபவர் சிகரெட்டை விட்டாலும் மறுபடி தொடங்கினாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அப்படித்தான், அங்கே புகைக்க விட மாட்டார்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் என்ன என்று கேட்பீர்கள். குளோசபின் தொடங்கி ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு, ஹோம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். வானத்தைப் பார்த்தவர், மாமியாரிடம் கற்ற அரைகுறைத் தமிழில், "அண்ணி, மழ வருது, துணி எடுத்தீங்களா?" என்றார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது.

முதியவர்களுக்கு வேறு கணக்கு

மேலே சொன்னதெல்லாம் மனச்சிதைவு உள்ளவருக்கு. மறதி நோய் வந்த அம்மா அப்பாவுக்கு இதே மருந்துகளை "தூங்க வைக்க" எழுதினால் கணக்கே வேறு. அமெரிக்க மருந்துத் துறை 2005இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது, 2008இல் பழைய மருந்துகளுக்கும் அதை நீட்டியது. சுமார் பத்து வார ஆய்வுகளில் மருந்து சாப்பிட்ட மறதி நோயாளிகளில் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், சாப்பிடாதவர்களில் 2.6 சதவீதம். பிறருக்கோ தனக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் சின்ன டோஸ், சில வாரம், நிறுத்தும் தேதியோடு. இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் கட்சி.

என் மாமியார் கடைசி வருடங்களில் ஆங்கிலத்தை மறந்து சிறு வயதுத் தமிழுக்குப் போய்விட்டார். ராத்திரியில் கத்துகிறார், தேவைப்பட்டால் ஹாலோபெரிடால் என்று சார்ட்டில் எழுதியிருந்தது. நான் ஒரு ராத்திரி கூடவே தங்கினேன். அவர் கத்தியது "தண்ணி, தண்ணி". அங்கிருந்த பெண்கள் ஜூலு பேசுகிறவர்கள், அவர்களுக்கு எப்படிப் புரியும்? மறுநாள் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன்: தண்ணி என்றால் அமன்சி, வலிக்குது என்றால் குபுஹ்லுங்கு. தமிழ்ச் சொல்லை அவர்கள் வாசிக்கும்படி ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த "தேவைப்பட்டால்" மருந்து இரண்டே முறைதான் தேவைப்பட்டது.

இடம் மாறும்போது

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஹோம் மாறும் நாள்தான் மிக ஆபத்தான நாள். 2016இல் கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளை அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபா விசாரித்தபோது, அவர்களை ஏற்றுக்கொண்ட 27 அமைப்புகளுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று தெரிந்தது. பலர் மருத்துவப் பதிவேடு இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். 144 பேர் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தன.

அதைப் படித்த வாரமே ஒரு தாள் எழுதினேன். மருந்துப் பெயர், அளவு, வேளை, கடைசி ஊசித் தேதி, கடைசி ரத்த முடிவு, ஒத்துக்கொள்ளாதவை, சிகரெட் எத்தனை. ஒன்று என் கைப்பையில், ஒன்று கணவரின் போனில் படமாக, ஒன்று கொழுந்தனின் சட்டைப்பையில்.

அக்காவின் மகனுக்கு

நான் சொன்னது இது. அவன் ஒரே ஒரு மருந்துதான் பார்த்திருக்கிறான், அதையும் துப்பியிருக்கிறான். குளோசபினுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அந்த ஹோமில் பகலில் சிஸ்டர் இருக்கிறார், இரவில் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஊசி பொருந்தும், மாத்திரையைவிட நான் அதையே சொல்வேன். இரண்டாவது மருந்தும் ஒழுங்காக உள்ளே போய்ப் பலன் இல்லையென்றால் பயந்து வருடங்களைக் கழிக்காமல் குளோசபினைக் கேளுங்கள், அப்போது ரத்த நோட்டு உள்ள ஹோமாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஊசிக்குச் சரி என்று சொல்லும் முன் அவன் ஏன் துப்புகிறான் என்று அவனிடமே கேளுங்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படும் பக்கவிளைவும் வாலிபப் பையன்களுக்கு உண்டு, அப்பாவையோ மாமாவையோ கேட்கச் சொல்லுங்கள்.

நேற்று போன் செய்தார். அவருடைய தம்பி போய்க் கேட்டிருக்கிறார். "அந்த மாத்திரை போட்டா படுக்க முடியல மாமா, காலு சும்மா இருக்க மாட்டேங்குது" என்றானாம் பையன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறார்கள். ஊசியைப் பற்றிப் பேசும் முன் இதை முதலில் சொல்லச் சொன்னேன், சார்ட்டின் நகலையும் கேட்டு வாங்கிவரச் சொன்னேன்.